நகல் விமானம் பறந்தால் பழைய விமானம் பறந்ததாகுமா?

புல்தரை (லூட்டன்)

போன ஞாயிற்றுக்கிழமை ஓல்ட் வார்டன் போயிருந்தேன். பெட்ஃபர்ட்ஷயரில் ஒரு கிராமம். ஷட்டில்வொர்த் சேகரிப்பின் பழைய விமானங்கள் அங்கேதான் இருக்கின்றன, புல்தரைதான் ஓடுதளம். மத்தியானம் முழுக்கக் காற்று. முதல் உலகப்போர் விமானங்களைக் கொட்டகையை விட்டு வெளியே எடுக்கவே இல்லை. கூட்டத்தில் பாதி கிளம்பிவிட்டது. ஏழு மணிக்கு மேல் காற்று அடங்கி, காற்றின் திசை காட்டும் துணிப்பை கம்பத்தோடு ஒட்டித் தொங்கியது. அப்போதுதான் சோப்வித் டிரைபிளேனைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள்.

ஒன்றின் மேல் ஒன்றாக மூன்று இறக்கை. மூக்கில் 130 குதிரைத்திறன் கிளெர்ஜே ரோட்டரி எஞ்சின். இந்த வகை எஞ்சினில் கிராங்க் ஷாஃப்ட் விமானத்தோடு முடுக்கப்பட்டு அசையாமல் நிற்கும். ஒன்பது சிலிண்டரும் புரொபெல்லரோடு சேர்ந்து சுற்றும். ஸ்டார்ட் ஆனதும் நீலமாய்ப் புகை, பின்னாலேயே ஒரு வாசனை. என்னவென்று பிடிபட ஒரு கணம் ஆனது. விளக்கெண்ணெய்! சின்ன வயதில் அம்மாச்சி மூக்கைப் பிடித்துக்கொண்டு ஊற்றுவாரே, அதே எண்ணெய். பக்கத்தில் நின்ற தன்னார்வலர் காரணம் சொன்னார். பெட்ரோலும் காற்றும் கிராங்க் கேஸ் வழியாகத்தான் சிலிண்டருக்குப் போகின்றன. சாதாரண எஞ்சின் ஆயில் ஊற்றினால் பெட்ரோல் அதைக் கழுவிக்கொண்டு போய்விடும். ஆமணக்கு எண்ணெய் பெட்ரோலில் அவ்வளவு சுலபமாகக் கரையாது. ஊற்றிய எண்ணெய் டேங்குக்குத் திரும்புவதும் கிடையாது, எரிந்தது பாதி எரியாதது பாதியாக வெளியே தெறிக்கும். இறங்கும்போது விமானி பட்டனை அழுத்தி எஞ்சினின் மின்பொறியை விட்டுவிட்டு வெட்டுகிறார். ப்ர்ர்ர், அப்புறம் அமைதி, மறுபடி ப்ர்ர்ர். அந்த அமைதியில் இறக்கைக் கம்பிகளில் காற்று உரசுவது எங்களுக்குக் கேட்டது.

அந்தத் தன்னார்வலரே சொன்ன இன்னொரு விஷயம்தான் இந்த இழைக்குக் காரணம். இது போர்க்காலத்தில் செய்த விமானம் இல்லை. யார்க்‌ஷயர் பக்கத்துத் தன்னார்வலர்கள் பழைய வரைபடங்களை வைத்துப் பல வருடம் உழைத்துக் கட்டியது. முதலில் பறந்ததே 1992-இல். ஆனால் சோப்வித் நிறுவனத்தின் கர்த்தா தாமஸ் சோப்வித் (1989-இல் 101 வயதில் காலமானார்) அவர்கள் வேலையின் தரத்தை அறிந்து, இதை நகல் என்று சொல்ல வேண்டாம், தாமதமாக வந்த உற்பத்தி என்றே கொள்ளலாம் என்று சொல்லிவிட்டாராம்.

வீட்டுக்கு வந்தும் இதுதான் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. நான் பார்த்தது டிரைபிளேனா, டிரைபிளேன் மாதிரி ஒன்றா? உங்கள் கருத்து வேண்டும்.

---

கணக்கன் (சென்னை)

நேராகவே சொல்கிறேன். 1992-இல் பறந்தது 1992 விமானம். அதை ஓட்டிப் போருக்குப் போனவன் யாரும் இல்லை. சோப்வித் பெரிய மனதோடு ஒரு வார்த்தை சொன்னார், அதை மதிக்கிறேன். ஆனால் வரலாறு என்பது பொருளில் இருக்கிறது. என் தாத்தாவின் பேனாவும் அதே கம்பெனியில் நேற்று வாங்கிய பேனாவும் ஒன்றாகிவிடாது.

இன்னொரு கவலையும் உண்டு. 80 சதவீத, 90 சதவீத அளவில் கார் எஞ்சின் வைத்து, பாகங்களாக வாங்கிப் பூட்டுகிற கிட் விமானங்களையும் ஸ்பிட்ஃபயர் (இரண்டாம் உலகப்போரின் பிரிட்டிஷ் சண்டை விமானம்) என்றுதான் அழைக்கிறார்கள். பெயரைத் தளர விட்டால் நம் பேரப்பிள்ளைகளுக்கு எது எது என்றே தெரியாமல் போகும்.

---

பழைய_ரிவெட் (பெங்களூரு)

கணக்கன் தம்பி சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் 'ஒரிஜினல்' என்ற சொல்லையும் அதே கண்டிப்போடு பார்க்க வேண்டும். முப்பத்தாறு வருடம் விமானத் தகடு வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

இரண்டு விமானங்களை எடுத்துக்கொள்ளுங்கள். முதலாவது ஹரிகேன் ஆர்4118, இதுவும் பிரிட்டிஷ் சண்டை விமானம்தான். 1940 பிரிட்டன் சண்டையில் 605-ஆவது படைப்பிரிவில் இருந்து 49 தடவை சண்டைக்குப் போனது. பிறகு பயிற்சிக்கென்று இந்தியாவுக்குக் கப்பலேறியது. போர் முடிந்ததும் காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் மாணவர்களுக்குப் பாடப்பொருளாகி, வெட்டவெளியில் வெயிலும் மழையும் தின்றபடி கிடந்தது. 1982-இல் பீட்டர் வாச்சர் என்ற ஆங்கிலேயர் தற்செயலாக அதைப் பார்த்தார். அவருக்கு அது கிடைத்தது 2001-இல். சஃபோக்கில் வைத்துச் சீர்செய்து 2004 டிசம்பரில் பறக்கவிட்டார்கள். மரமும் துணியும் போய்விட்டன, ஆனால் உலோகத்தில் நிறையப் பழையது.

இரண்டாவது ஸ்பிட்ஃபயர் என்3200. 1940 மே மாதம் டன்கர்க் மேலே சண்டை போட்டு, பிரெஞ்சுக் கடற்கரை மணலில் இறங்கிப் புதைந்தது. 1986-இல் தோண்டி எடுத்தார்கள். 2014-இல் பறந்தது. இப்போது இங்கிலாந்தில் டக்ஸ்ஃபர்ட் விமான அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நாற்பத்தாறு வருடம் உப்பு மணலில் கிடந்த அலுமினியம் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். கையில் எடுத்தால் அடுக்கடுக்காக உரியும், அப்பளம் மாதிரி. போதாததற்கு ஸ்பிட்ஃபயரில் மக்னீசியக் கலவை ரிவெட்டுகள் (தகடுகளை இணைக்கும் ஆணிகள்) வேறு, அவை முதலில் போகும். பறக்கும் என்3200-இன் பெரும்பகுதி புதிதாகச் செய்ததுதான். அடையாளம் பழையது, தகடு புதியது.

அதை ஒரிஜினல் என்கிறோம், டிரைபிளேனை நகல் என்கிறோம். நடுவில் கோடு எங்கே?

---

தேரடி (திருவாரூர்)

விமானம் பற்றி எனக்கு அதிகம் தெரியாது, படிக்கப் பிடிக்கும். எங்கள் ஊர் ஆழித்தேரைப் பாருங்கள். ஒரு காலத்தில் மரச்சக்கரம். பிறகு திருச்சி பெல் நிறுவனம் இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் பொருத்திக் கொடுத்தது. மரம் உளுத்த இடத்தில் புது மரம், சிற்பம் தேய்ந்த இடத்தில் புதுச் சிற்பம். வடம் பிடிக்கிற யாரும் இது பழைய தேரா புதுத் தேரா என்று கேட்டதில்லை. அளவு மாறவில்லை, ஓடுகிற வீதி மாறவில்லை, ஆரூரா தியாகேசா என்கிற குரல் மாறவில்லை.

---

ஜெட்பிரியன் (சியாட்டில்)

தேரடி அண்ணா, பிரேக் என்று சொன்னதும் எழுதாமல் இருக்க முடியவில்லை. என் வீடு எவரெட்டில் பெயின் ஃபீல்டு விமான நிலையத்துக்குப் பக்கம். மெஸ்ஸர்ஷ்மிட் 262 விமானங்களைப் புதிதாகக் கட்டி முடித்த இடம் அதுதான்.

262 தான் போர்முனைக்கு வந்த முதல் ஜெட் சண்டை விமானம், 1944. ஜெர்மனி 1,400-க்கு மேல் கட்டியது. இன்று மிச்சம் இருப்பவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. அமெரிக்காவில் பிலடெல்பியா பக்கம் வில்லோ குரோவ் கடற்படைத் தளத்தில் ஒரு இரட்டை இருக்கை 262, வெள்ளை 35 என்று பெயர், வாசலில் நின்று அரித்துக்கொண்டிருந்தது. 262-ஐப் புதிதாகக் கட்ட நினைத்த குழுவினர் கடற்படையோடு ஒரு உடன்பாடு போட்டார்கள்: விமானத்தைக் கொடுங்கள், பிரித்து அளவெடுத்துக்கொள்கிறோம், கைம்மாறாகச் சீர்செய்து திருப்பித் தருகிறோம். டெக்சாஸில் தொடங்கிய வேலை பிறகு எவரெட்டுக்கு மாறியது. மொத்தம் ஐந்து விமானங்கள். பழைய தொழிற்சாலை எண் வரிசை எங்கே நின்றதோ அதைத் தொடர்ந்தே இவற்றுக்கு எண் கொடுத்தார்கள்.

எஞ்சின் மட்டும் பழையபடி செய்யவில்லை. காரணம் கேளுங்கள். அசல் ஜூமோ 004 எஞ்சினுக்கு ஆயுள் 10 முதல் 25 மணி நேரம். போர்க்காலத்தில் நிக்கலும் குரோமியமும் கிடைக்காமல், கிடைத்த எஃகை வைத்துச் செய்தது. வேகம் கூட்டும் நெம்புகோலை (திராட்டில்) சற்று வேகமாகத் தள்ளினாலே அணைந்துவிடும் அல்லது சூடேறித் தீப்பிடிக்கும். அதனால் லியர்ஜெட் என்ற சிறிய பயணிகள் ஜெட்டுகளின் பழைய ரகங்களில் இருந்த ஜெனரல் எலக்ட்ரிக் சிஜே610 எஞ்சினை வைத்தார்கள். அது ஜூமோவின் எடையில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு, உந்துவிசையோ அதைவிட அதிகம். அதை அப்படியே மாட்டினால் எடைச் சமநிலை கெடும், தோற்றமும் கெடும். ஆகவே ஜூமோ மாதிரியே ஒரு கூடு வார்த்து, புது எஞ்சினை அதற்குள் ஒளித்து வைத்தார்கள். பழைய விமானத்தின் பிரேக் பலவீனமானது என்று விமானிகள் அந்தக் காலத்திலேயே சொன்னதுதான், அதையும் பலப்படுத்தினார்கள்.

2002 டிசம்பர் 20 அன்று முதல் விமானம் பறந்தது. அடுத்த மாதம் இரண்டாம் தடவை பறந்து இறங்கியபோது இடது லேண்டிங் கியர் மடங்கி விமானம் சேதமானது. விடாமல் சரிசெய்தார்கள். ஐந்தில் ஒன்று ஜெர்மனிக்கே போனது. 2006 ஏப்ரலில் மான்ஷிங் தளத்தில் பறந்தது. 262 பிறந்த மண்ணில் அறுபது வருடம் கழித்து மறுபடி ஒரு 262.

அரிப்பில் செத்துக்கொண்டிருந்த வெள்ளை 35-ம் பிழைத்தது, இப்போது பென்சகோலா கடற்படை அருங்காட்சியகத்தில் கூரைக்கடியில் நிற்கிறது. நகல் செய்யப் போனதால்தான் அந்த ஒரிஜினல் காப்பாற்றப்பட்டது. இந்த ஒரு காரணம் எனக்குப் போதும்.

---

கணக்கன்

வெள்ளை 35 விஷயம் எனக்குத் தெரியாது. நல்ல காரியம். ஆனால் சியாட்டில் நண்பரே, ஜூமோ எஞ்சினை அணையாமல் பார்த்துக்கொள்வதுதான் அந்த விமானிகளின் பாதி உயிர்ப்போராட்டம். அதை எடுத்துவிட்டால் வடிவம் பறக்கிறது, அனுபவம் பறக்கவில்லை. புல்தரை முகர்ந்த விளக்கெண்ணெய் வாசனை 262-இல் இல்லை. இரண்டையும் ஒரே தட்டில் வைக்க மாட்டேன்.

---

ஜெட்பிரியன்

ஒப்புக்கொள்கிறேன். என்ன மாற்றினோம் என்று வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். அவர்களும் சொல்லித்தான் செய்தார்கள்.

---

மரஇறக்கை (கோயம்புத்தூர்)

நான் பால்சா மரத்தில் மாதிரி விமானம் செய்கிறவள். இங்கே எல்லோரும் தகடு, எஞ்சின் என்கிறீர்கள், மரத்தை யாரும் தொடவில்லையே. மரத்தில்தான் இந்தக் கேள்விக்கு நேரான பதில் இருக்கிறது. ஏனென்றால் கவனிப்பாரற்றுக் கிடந்தால் மரம் எழுபது வருடம் தாங்காது. அப்படிக் கிடந்த மர விமானம் மறுபடி பறக்க வேண்டுமென்றால் பெரும்பாலும் மரத்தைப் புதிதாகச் செய்தே ஆக வேண்டும்.

டி ஹாவிலண்ட் மொஸ்கிட்டோ எனக்கு உயிர். இரண்டாம் உலகப்போரில் எல்லோரும் அலுமினியத்துக்கு அலைந்தபோது, மேசை நாற்காலி செய்கிற தச்சர்களையும் பியானோ செய்கிறவர்களையும் வைத்து மரத்தில் கட்டிய இரட்டை எஞ்சின் விமானம். 7,781 செய்தார்கள். உடற்பகுதியின் சுவர் எப்படி என்றால், இரண்டு பக்கம் மெல்லிய பிர்ச் ஒட்டுப்பலகை, நடுவில் பால்சா. பால்சா தக்கை மாதிரி லேசு. நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழும். ஆனால் இரண்டு பலகைக்கு நடுவே பசையோடு அடைத்துவிட்டால் அந்தச் சுவர் வளையாது, நசுங்காது. நான் ஒரு சாண் துண்டு செய்து பார்த்தேன். என் பையன் மேலே ஏறி நின்றான், முறியவில்லை.

உடற்பகுதியை நிலக்கடலைத் தோடு மாதிரி இடம், வலம் என்று இரண்டு பாதியாகச் செய்வார்கள். ஒவ்வொரு பாதிக்கும் ஒரு அச்சு. பலகையை அதன் மேல் வளைத்து, பசை தடவி, இரும்புப் பட்டைகளால் இறுக்கிக் காயவிட வேண்டும். பாதி பாதியாக இருக்கும்போதே உள்ளே கேபிளும் குழாயும் பொருத்திவிட்டு, பிறகுதான் இரண்டையும் சேர்ப்பார்கள். குனிந்து வளைந்து உள்ளே போய் வேலை செய்ய வேண்டியதில்லை. இதை யோசித்தவரை நினைத்துக் கையெடுத்துக் கும்பிடலாம்.

அந்த அச்சுகள் இல்லாமல் மொஸ்கிட்டோ இல்லை. நியூசிலாந்தில் கிளின் பவல் என்பவர் பல வருடம் செலவழித்து அந்த அச்சுகளைத் திரும்ப உருவாக்கினார். கனடாவில் ஆல்பர்ட்டா பண்ணை ஒன்றில் கிடந்த கேஏ114 என்ற மொஸ்கிட்டோவின் உலோகப் பாகங்களும், அவர் அச்சில் பிறந்த புது மர உடலும் ஆக்லாந்து பக்கம் ஆர்ட்மோரில் ஒன்று சேர்ந்தன. 2012 செப்டம்பர் 27-இல் பறந்தது. இரண்டு மெர்லின் எஞ்சினும் சேர்ந்து முழங்குவதைக் காணொளியில் எத்தனை தடவை கேட்டேன் என்று எனக்கே கணக்கில்லை. ஒன்று பறந்ததும் நிற்கவில்லை. அதே நியூசிலாந்திலிருந்து அடுத்தடுத்த மொஸ்கிட்டோக்களும் வந்தன.

நம் பக்கத்துக் கதையும் இதில் உண்டு. 1944 கடைசியில் இந்தியாவிலும் பர்மா முனையிலும் மொஸ்கிட்டோ இறக்கைகள் வானத்திலேயே பிளந்தன. எல்லாவற்றையும் தரையில் நிறுத்திச் சோதித்தார்கள். பொருத்து இடங்களில் இடைவெளி விட்டுப் பசை சரியாகப் பிடிக்காமல் இருந்தது தெரியவந்தது. நம் ஊர் வெயிலுக்கும் மழைக்கும் அந்தப் பசை தாங்குமா என்ற கேள்வியும் எழுந்தது. இன்று கட்டுகிறவர்கள் போர்க்காலப் பசையைத் தொடுவதில்லை, நவீன எபாக்சிதான். இதை யாராவது ஏமாற்று என்றால் ஒப்புக்கொள்ள மாட்டேன். உள்ளே உட்காரப் போவது உயிருள்ள ஆள்.

---

கணக்கன்

மரஇறக்கை அக்கா, நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். என் நிலையைக் கொஞ்சம் மாற்றிக்கொள்கிறேன், எந்தப் பக்கம் என்று சொல்கிறேன்.

1942-இல் லிபியாவில் பிடிபட்ட மெஸ்ஸர்ஷ்மிட் 109 என்ற ஜெர்மன் சண்டை விமானம் ஒன்று உண்டு, கறுப்பு 6 என்று பெயர். தன்னார்வலர்கள் சுமார் பதினெட்டு வருடம் உழைத்து 1991-இல் பறக்கவிட்டார்கள். உண்மையான 109, உண்மையான டைம்லர் பென்ஸ் எஞ்சின். 1997 அக்டோபரில், இனிப் பறக்க வேண்டாம் அருங்காட்சியகத்துக்கு அனுப்பிவிடலாம் என்றிருந்த நேரத்தில், டக்ஸ்ஃபர்டில் எஞ்சின் கோளாறாகி வயலில் குப்புறக் கவிழ்ந்தது. விமானி தப்பினார். பதினெட்டு வருட உழைப்பு ஒரு மத்தியானத்தில். 2022 நவம்பரில் டல்லாஸ் கண்காட்சியில் பி-17, பி-63 என்ற இரண்டு உலகப்போர்க் கால விமானங்கள் வானத்தில் மோதி ஆறு பேர் இறந்ததை எல்லோரும் பார்த்தோம். அந்த ஆறு உயிர்தான் பெரிய இழப்பு. விமானங்களும் திரும்பி வரா.

ஆகவே நான் சொல்வது: அசல் தூங்கட்டும், நகல் பறக்கட்டும். நகலை நான் மறுத்தது பெயர்க் குழப்பத்துக்காக. பறப்பதற்கு நகலே சரி.

---

புல்தரை

கணக்கன் சார், காசியிலிருந்து போன ஹரிகேன்? அதையும் தூங்க வைக்கச் சொல்வீர்களா?

---

கணக்கன்

ஆமாம். மனது வலிக்கத்தான் செய்கிறது, இருந்தாலும் ஆமாம். 49 தடவை போய்த் திரும்பியது, போதும்.

---

பழைய_ரிவெட்

இதில் எனக்கு ஒப்புதல் இல்லை தம்பி. பறக்காத விமானத்தை யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. பறக்கிற விமானத்தை ஒவ்வொரு வருடமும் பிரிக்க வேண்டும், சோதிக்க வேண்டும், தேய்ந்ததை மாற்ற வேண்டும். அப்போதுதான் வேலை தெரிந்த கை ஒன்று எப்போதும் இருக்கும். ஸ்பிட்ஃபயர் இறக்கையின் முதன்மைக் கம்பத்தைப் பாருங்கள். ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகிய சதுரக் குழாய்கள். இறக்கை நுனிக்குப் போகப் போக உள்குழாய்கள் ஒவ்வொன்றாக நின்றுவிடும். வேர்ப்பக்கம் பலம், நுனிப்பக்கம் லேசு. வரைபடம் இருக்கிறது, யாரும் வாங்கலாம். ஆனால் அந்தக் குழாயை இழுத்துச் செருகத் தெரிந்தவன் வரைபடத்தில் இல்லை.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த மூத்தவர்களில் சிலர் லிபரேட்டர் வேலை பார்த்தவர்கள். போர் முடிந்து பிரிட்டிஷ்காரர்கள் கான்பூரில் பி-24 லிபரேட்டர் குண்டுவீச்சு விமானங்களைக் குப்பையாக விட்டுப்போனார்கள், மறுபடி பறக்கக்கூடாதென்று சேதப்படுத்திவிட்டு. எச்.ஏ.எல். (இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ்) ஆட்கள் அவற்றை ஒட்டுப்போட்டு, பெங்களூருக்குப் பறக்க வைத்துக் கொண்டுவந்து, முழுதாகச் சீர்செய்தார்கள். 1968 வரை நம் விமானப்படை ஓட்டியது. அவற்றில் ஒன்று அமெரிக்கா போய் 1989-இல் மறுபடி பறந்தது. உலகத்தில் எஞ்சிய லிபரேட்டர்களில் பல நம் ஆட்கள் கைபட்டதால் எஞ்சியவை. இதை நம்மில் எத்தனை பேர் பெருமையாகச் சொல்கிறோம்?

அந்த மூத்தவர்களிடம் நான் கற்ற முதல் பாடம் ஃபிரிட்ஜ் ரிவெட். உறுதியான அலுமினியக் கலவை ரிவெட்டைச் சூடாக்கித் தண்ணீரில் அமிழ்த்தினால் கொஞ்ச நேரம் மெழுகு மாதிரி மிருதுவாக இருக்கும், பிறகு தானாகவே இறுகிவிடும். அந்த இறுக்கத்தைத் தள்ளிப்போடத்தான் உறைபெட்டியில் வைப்பது. எடுத்ததும் கடிகாரம் ஓட ஆரம்பித்துவிடும். சில நிமிடத்தில் அடித்து முடிக்க வேண்டும். ஒருவன் வெளியே ரிவெட் அடிக்கும் கன் பிடிப்பான், ஒருவன் உள்ளே டாலி என்ற இரும்புக் கட்டியை முட்டுக்கொடுப்பான். முகம் தெரியாது, தகட்டில் தட்டித்தான் பேச்சு. ஒரு தட்டு என்றால் இன்னும் அடி. இரண்டு தட்டு என்றால் சரியாக உட்கார்ந்தது. மூன்று என்றால் கெட்டுவிட்டது, துளைபோட்டு எடு.

---

பாலிடெக்னிக்_பையன் (திருச்சி)

ஐயா, வணக்கம். இரண்டாம் வருடம் மெக்கானிக்கல். இந்த இழையை ராத்திரி ஒரே மூச்சில் படித்தேன். பழைய விமானம் நம் நாட்டில் பறக்கிறதா? ரிவெட் அடிக்க எங்கே கற்றுக்கொள்வது?

---

பழைய_ரிவெட்

விமானப்படையிடம் டைகர் மாத், ஹார்வர்ட் என்ற பழைய பயிற்சி விமானங்கள் இருக்கின்றன. இங்கிலாந்தில் சீர்செய்து 2018-இல் இங்கே பறந்து வந்த போக்குவரத்து விமானம் டகோட்டா வி.பி.905-ம் இருக்கிறது, பரசுராமா என்று பெயர்.

ரிவெட்டுக்கு விமானம் தேவையில்லை. பழைய இரும்புக்கடையில் அலுமினியத் தகடு வாங்கு. அரை அங்குல இடைவெளியில் கோடு போட்டு நூறு துளை போடு. துளையின் பிசிறை விரலால் தடவிப் பார், விரலில் பட்டால் மறுபடி எடு. சாதாரண மிருதுவான அலுமினிய ரிவெட் போதும், சுத்தியலும் கனமான இரும்புத் துண்டும் போதும். அடித்த தலையின் அகலம் தண்டின் ஒன்றரை மடங்கு, உயரம் தண்டில் பாதி. நூறும் அந்த அளவுக்கு வரட்டும். படம் போடு, பார்க்கிறேன்.

---

மரஇறக்கை

தம்பி, கண்ணாடி போட்டுக்கொண்டு அடி.

---

பாலிடெக்னிக்_பையன்

ஐயா, பதினோரு நாள் ஆகிவிட்டது, மன்னிக்கவும். லேப் உதவியாளர் அண்ணன் சாயங்காலம் பட்டறையைத் திறந்துவிட்டார். நூறு அடித்தேன். முதல் நாற்பதில் பாதி சாய்ந்துவிட்டது, தகடும் நெளிந்தது. கடைசி முப்பதில் ஆறுதான் கெட்டது. படம் இணைத்திருக்கிறேன். கண்ணாடி போட்டேன் அக்கா.

---

பழைய_ரிவெட்

பார்த்தேன். சாய்ந்தவை எல்லாம் ஒரே பக்கம் சாய்கின்றன. முட்டுக்கொடுக்கும் இரும்பை நீ நிமிர்த்திப் பிடிக்கவில்லை, மணிக்கட்டு களைத்துக் கீழே இறங்குகிறது. முழங்கையைத் தொடையில் ஊன்றிக்கொள். 73-ஆவது நன்றாக வந்திருக்கிறது, அதை அறுத்து உள்ளே எப்படி நிரம்பியிருக்கிறது என்று பார். பிறகு அடுத்த நூறு.